பயன் சொன்ன மண்டபம்

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணம் படிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் பயன் சொல்லுவார், அதாவது பாட்டின் பொருளை விளக்குவார். எங்கள் ஊர் முருகன் கோயிலில் பயன் சொன்னவர் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் பாடிய 10,000-க்கு மேற்பட்ட பாட்டுகளில் எதைத் தொட்டாலும் அவர் தடக்குப்படமாட்டார்.

பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் ஆச்சிமார் தூணோடு சாய்ந்திருப்பார்கள். பலருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனாலும் வாசிப்பவர் ஒரு சீரை விழுங்கினால் அத்தனை தலையும் நிமிரும். என் ஆச்சி கண்ணை மூடியபடிதான் கேட்பார். நித்திரையோ என்று கேட்டேன். "சாமியைக் கோயிலுக்கை பாத்தாச்சு மோனை. இனி உள்ளுக்கை பாக்கவேணும்" என்றார்.

சிறுவர்களுக்கு யுத்தகாண்டம்தான் வேண்டும். வாத்தியாரும் போரை விறுவிறுப்பாகவே சொல்லுவார். திடீரென்று புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து, "இது எங்கை நடக்குது?" என்பார். சூரனின் நகரமான மகேந்திரபுரியின் பெயரைக் கத்துவோம். அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். "இஞ்சை, பிள்ளையள்."

முருகனோடு போரிடும் அசுர சகோதரர்களில் தாரகன் மாயை, சிங்கமுகன் கன்மம், சூரன் ஆணவம் என்பது சைவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் உட்பொருள். முதலில் விழுகிறவன் தாரகன். கடைசிவரை நிற்பவன் சூரன். முருகன் பேருருக் காட்டும்போது அந்தச் சூரனுக்கே ஒரு கணம் ஞானம் வருகிறது. கைகூப்பித் தொழ நினைக்கிறான். பேருரு மறைந்ததும் பழைய கோபம் திரும்பி வந்துவிடுகிறது. இந்த இடத்தில் வாத்தியாரின் குரல் தழுதழுக்கும். "எங்களுக்கும் வந்து வந்து போறதுதானே" என்பார். பிறகு கடலில் மாமரமாய் நின்றவனை வேல் இரண்டாய்ப் பிளக்கும். வேல் என்றால் ஞானம். "சூரன் செத்தவன் எண்டு ஆர் சொன்னது? மயிலாயும் சேவலாயும் அவரோடைதான் நிக்கிறான். ஆணவம் அழியாது, அடங்கும்." சைவ சித்தாந்த நூல்களைப் பின்னாளில் படித்தபோது எனக்கு எதுவும் புதிதாக இருக்கவில்லை.

பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை எங்கள் வாழ்வைக் 'கந்தபுராணக் கலாசாரம்' என்றார். அது மிகையில்லை. வழக்குக்குப் போனவர்களும் வேலிச் சண்டைக்காரரும் அந்த மண்டபத்தில் ஒன்றாக இருந்து தங்கள் சூரனைக் கேட்டார்கள்.

1995 ஒக்டோபர் இறுதியில், கந்தசஷ்டியை ஒட்டிய நாட்களில்தான், போரால் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. எங்கள் ஊரில் புராணப் படிப்பு அத்தோடு நின்றது. வாத்தியார் திரும்பி வரவில்லை. இன்று கோயில் பெரிது, சூரன்போருக்குச் சனமும் நிறைய. ஒலிபெருக்கியில் பாட்டு வருகிறது, பயன் வருவதில்லை. பயன் இல்லாமல் கேட்டால் சூரன் வேறு யாரோ ஒருவனாகவே நின்றுவிடுகிறான்.

பயன் சொல்லத் தெரிந்த ஒருவராவது உங்கள் ஊரில் இருந்தால், வருகிற ஐப்பசியில் அவரை மண்டபத்துக்கு அழையுங்கள். பிள்ளைகளை முன்னால் இருத்துங்கள்.