பிறை தெரியாத மலையில்

ரமலான் இருபத்தொன்பதாம் நாள் மக்ரிப் நெருங்கும்போதுதான் இத்தலாரில் மூடுபனி ஏறி வரும். தேயிலைச் சரிவுகள் மறையும். மேற்கு வானமும் மறையும். சமவெளியிலிருந்து பிறைச் செய்தி வரும்வரை நாம் காத்திருப்போம்.

இதே மலையில், அருகிலுள்ள முத்தோரையில், மூடுபனியைப் பொருட்படுத்தாத கண்ணொன்று 1970 முதல் விழித்திருக்கிறது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி அது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் அமைத்தது. இவ்விடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. வடக்குத் தெற்காக அதே அளவு சாய்ந்த சரிவொன்று இங்கே இயற்கையாகவே கிடந்தது. அதன்மேல் கிடத்தியதும் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. அந்த ஓர் அச்சில் உருட்டினாலே ஒரு விண்பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடரலாம். தொலைவிலுள்ள அப்பொருளை நிலவு மறைக்கும் கணத்தைக் கொண்டு அதன் இடத்தையும் அளவையும் கணித்தார்கள். நாம் காணாது தவித்த நிலவே அவர்களுக்கு அளவுகோலாயிற்று!

இருப்பதைக் கொண்டு தொடங்குவது நம் விண்வெளித் துறைக்கும் வழக்கமே. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவில் முதல் ராக்கெட் எழுந்த நாளில் ஒரு மாதா கோயிலே அலுவலகம். 1981-இல் ஆப்பிள் செயற்கைக்கோளை மாட்டுவண்டியில் ஏற்றிச் சோதித்தார்கள். (சோதனைக்கு உலோகமில்லாத வண்டி வேண்டியிருந்தது, வறுமையென்று சிரித்தவர்கள் இதை அறியார்.) இராமேசுவரத்து அப்துல் கலாமைப் பற்றி எழுதாத ஏடில்லை, நாம் விரிக்க வேண்டுவதில்லை.

நம்மை உறுத்துவது வேறொன்று. பல ஆண்டுகளுக்குமுன் நம் வீட்டுப் பெண்ணொருத்தி பௌதிகம் படிக்கக் கோவை செல்ல விரும்பினாள். "தூரம்" என்று தடுத்தோம். தடுத்தது மார்க்கமன்று, நம் அச்சமே.

செங்கோட்டையில் பிறந்து திருநெல்வேலியில் பொறியியல் பயின்ற நிகார் ஷாஜி 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். அவர் திட்ட இயக்குநராயிருந்த ஆதித்யா எல்-1, 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்டு, 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து சூரியனை நோக்குகிறது. நாம் கோவையைத் தூரம் என்றோம்! சூரியனிலிருந்து வீசும் காற்றை முத்தோரைக் கருவியும் நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறது.

2035-க்குள் நமக்கென ஒரு விண்வெளி நிலையம், 2040-க்குள் நிலவில் ஓர் இந்தியர் என்று அரசு இலக்கு வைத்துள்ளது. அன்று தடுக்கப்பட்டவளின் மகள் இக்கணக்கைக் கேட்டாள். தன் வயதைக் கூட்டிப் பார்த்தாள். கல்லூரி விண்ணப்பத்தில் பௌதிகம் என்று எழுதி, கையொப்பத்துக்காக நம்மிடமே நீட்டினாள். கண்ணாடியைத் தேடி எடுத்துக் கையொப்பமிட்டோம். அவள் தாய் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.