குடிக்கு எந்த டாக்டர்?

"குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?" 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அரசு நிவாரணம் அறிவித்ததுமே பஸ்ஸிலும் டீக்கடையிலும் இந்தக் கேள்வி கிளம்பிவிட்டது. செத்ததில் கூலி வேலைக்குப் போகிற சனங்கதான் அதிகம். தலித்துகள் நிறையப் பேர். சாராயத்துக்குள் விஷம் எப்படி வந்தது என்று கேட்க இவர்களுக்கு நேரமில்லை. குடிச்சான், செத்தான், அவ்வளவுதான். சர்க்கரை நோயில் கால் எடுத்தவரைப் பார்த்து 'லட்டு தின்னவனுக்கு எதுக்கு ஆபரேஷன்' என்று ஒருத்தரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நம்ம பக்கமும் ஒரு தயக்கம் இருக்கிறது. குடியைப் பற்றி எழுதினால், 'பாரு, அவனுங்களே ஒத்துக்கிட்டானுங்க' என்று ஊர்க்காரன் எடுத்துப் பேசுவான் என்று தோழர்கள் யோசிக்கிறார்கள். யோசிக்க வேண்டியதுதான். சாதிப் பேரைச் சொல்லாமல் சாதியைச் சொல்ல அவர்களுக்கு வாகாகக் கிடைத்த சொல் 'குடிகாரன்'. ஆனால் எய்ம்ஸின் போதை சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக எடுத்து 2019இல் வெளிவந்த கணக்கில், நாட்டில் மது குடிப்பவர்கள் சுமார் 16 கோடிப் பேர். இத்தனை கோடிப் பேரும் சேரியிலா இருக்கிறார்கள்? இந்தப் பயத்தால் நாம் வாயை மூடிக்கொண்டால் சாகப்போகிறது நம்ம ஆளுதான். அதனால் எழுதுகிறேன்.

எங்க பெரியப்பா நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்த்தவர். ஒரு மழைநாளில் கால்வாய்ச் சுவரிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். முதல் நாள் நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தார். ரெண்டாம் நாள் கை நடுங்க ஆரம்பிச்சுது, வேர்த்துக் கொட்டுச்சு. மூணாம் நாள் ராத்திரி ஆளே மாறிட்டார். போர்வையில் பூரான் ஊருதுன்னு ஒண்ணொண்ணாப் பொறுக்கிக் கீழே போடுறார். எப்பவோ செத்துப்போன மேஸ்திரியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "மூடியத் தொறக்காத, உள்ள வாயு இருக்கு" என்று கத்துறார். எடை கட்டித் தொங்கவிட்டிருந்த காலை இழுத்துக்கிட்டு எழுந்திருக்கப் பார்க்கிறார். "சரக்கு கேட்டு அலம்பல் பண்றான்யா" என்று நர்ஸம்மா சலித்துக்கொண்டார். வார்டு ஆட்கள் ரெண்டு பேர் வந்து கட்டுத்துணியால் அவர் கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பெரியம்மா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். வைது வைது பழகின வாய். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

விடிகாலையில் பயிற்சி டாக்டர் பெண் ஒருவர் வந்தார். இருபத்து மூணு வயது இருக்கலாம். கேஸ் ஷீட்டைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், நாடியைப் பிடித்தார். பெரியம்மாவிடம் ஒரே கேள்வி: "அம்மா, கடைசியா எப்ப குடிச்சாரு?"

"விழுந்த அன்னிக்கிக் காலையில."

"இது சரக்கு கேட்டுப் பண்ற கலாட்டா இல்லம்மா. சரக்கு நின்னுபோனதால வந்த ஜன்னி."

மூன்று நாளாக அந்த வார்டுக்கு எத்தனையோ பேர் வந்து போனார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். லோராசெபாம் ஊசி போட்டார்கள். குளுக்கோஸ் பாட்டிலோடு தயமின் என்ற வைட்டமினும் ஏறியது. மறுநாள் மனநல டாக்டர் வந்து மருந்தைச் சரிபண்ணினார். ரெண்டு நாளில் பெரியப்பாவுக்குத் தெளிந்தது. தெளிந்ததும் கேட்டார்: "எங் கைய யாரு கட்டுனது?"

அப்புறம்தான் நான் தேடித் தேடிப் படித்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு மருத்துவப் புத்தகம் எட்டாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வருசக்கணக்காகத் தினமும் குடிக்கிற உடம்பில், மதுவின் அமுக்கத்துக்கு ஈடாக நரம்புகள் தங்களை முறுக்கேற்றிக் கொள்கின்றன. குடியைச் சட்டென்று நிறுத்தினால் அமுக்கம் போய்விடும், முறுக்கு நிற்கும். முதல் ரெண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். ரெண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் ஜன்னி வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிர் போகலாம். நீண்ட நாள் குடித்தவருக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கே கேடு வரக்கூடும். நம்ம இளைஞர்கள் நல்லெண்ணத்தோடு செய்கிற ஒரு காரியத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். குடிக்கிற ஆளை ரூமில் போட்டுப் பூட்டுகிறார்கள், கோயிலில் கயிறு கட்டி அன்றையோடு நிறுத்தவைக்கிறார்கள். அது ஆளைக் கொன்றுவிடலாம். டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்து, ஆளுக்குத் தெரியாமல் சோத்தில் கலக்கிற வழக்கமும் இருக்கிறது. தெரியாமல் அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து அதுவும் ஆபத்துதான். நோயாளியிடம் சொல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து அது.

சரி, இதைப் படித்த டாக்டர் எங்கே இருக்கிறார்? எம்.பி.பி.எஸ்.ஸில் மனநல மருத்துவத்துக்குத் தனித் தேர்வே கிடையாது. பொது மருத்துவத் தாளுக்குள் ஒரு மூலை. அந்த மூலைக்குள் இன்னொரு மூலைதான் குடி. இதையே சிறப்பாகப் படிக்க 'போதை மனநல மருத்துவம்' என்று டி.எம். பட்டம் இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ், தில்லி எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற சில இடங்களில்தான். எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் எம்.டி. மூன்று வருசம் முடித்து, அதற்கு மேல் மூன்று வருசம். மொத்தம் பதினொன்றரை வருசம். எலும்பு டாக்டரோ வயிற்று டாக்டரோ நேராக இந்தப் படிப்புக்குள் வர முடியாது. அதே 2019 கணக்கு இன்னொன்றும் சொன்னது: மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு உதவி கிடைத்திருக்கிறது. படுத்துச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர்.

இன்னொரு சேதி. மத்திய அரசின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்துகிற போதை மறுவாழ்வு மையங்கள் சுகாதாரத்துறையின் கீழ் இல்லை. சமூகநீதி அமைச்சகத்தின் கீழ் இருக்கின்றன. பட்டியல் சாதியினரைக் கவனிக்கிற அதே அமைச்சகம். பிச்சை எடுப்பவர்கள், ஆதரவற்ற முதியவர்கள், நாம், குடிகாரர்கள் எல்லாரும் ஒரே கூரையில். கொள்கை வகுத்தவர்கள் ஏதோ நிர்வாக வசதிக்குச் செய்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் பாருங்கள், இருதய நோயாளியை யாரும் அந்த வீட்டில் குடிவைக்கவில்லை.

குடிநோய்க்கு டாக்டர் பட்டம் வேறு நாட்டில் எப்படி வந்தது என்று பார்க்கப்போனால் அமெரிக்காவில் போய் நிற்கிறோம். கறுப்பர்களின் கதை நமக்கு அயல் கதை இல்லை. 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர் இயக்கம் கருஞ்சிறுத்தைகளிடமிருந்துதான் பெயரை எடுத்தது. அதற்கு ரெண்டு வருசம் முன்னால், 1970 நவம்பரில், நியூயார்க்கின் தென் பிராங்ஸில் லிங்கன் ஆஸ்பத்திரிக்குள் போர்ட்டோ ரிக்கோ இளைஞர்களின் யங் லார்ட்ஸ் அமைப்பும் கருஞ்சிறுத்தைகளும் புகுந்து உட்கார்ந்தார்கள். தெருத்தெருவாக ஹெராயினில் சாகிறார்கள், இங்கே அதற்குச் சிகிச்சை இல்லையே என்பதுதான் கேள்வி. அப்படிப் பிறந்தது 'லிங்கன் டீடாக்ஸ்'. போதையிலிருந்து மீண்டவர்களும் தன்னார்வலர்களும் சில டாக்டர்களுமாக நடத்தினார்கள். சிகிச்சையோடு அரசியல் வகுப்பும் நடந்தது. பின்னால் காதில் ஊசி குத்துகிற சீன வைத்தியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஊசி எவ்வளவு வேலை செய்கிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, அது வேறு விசயம். 1978இல் போலீஸ் வந்து அவர்களை வெளியேற்றியது.

1986இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். கறுப்பர் தெருவில் புழங்கிய கிராக் 5 கிராம் விற்க வைத்திருந்தால் குறைந்தது ஐந்து வருசம் சிறை. அதே கொகெய்ன் பொடியாக இருந்தால், அதே ஐந்து வருசத்துக்கு 500 கிராம் வேண்டும். 2010 வரை இந்த நூற்றுக்கு ஒன்று கணக்கு மாறவில்லை. மாறியதும் பதினெட்டுக்கு ஒன்று. இதற்குள் வலி மாத்திரையிலும் ஹெராயினிலும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாகச் சாகத் தொடங்கியிருந்தார்கள். அப்போது பேச்சு மாறியது. குற்றம் நோயானது. 2016இல் அமெரிக்க மருத்துவச் சிறப்புத்துறை வாரியம் போதை மருத்துவத்தைத் தனித்துறையாக அங்கீகரித்தது. 2017இல் முதல் தேர்வு நடந்தது. ரூத் ஃபாக்ஸ் என்ற பெண் டாக்டர் 1954லேயே நியூயார்க்கில் இதற்காக டாக்டர்களைத் திரட்டியவர். அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அறுபது வருசம் திறக்காத கதவு எந்தப் பிணங்களைப் பார்த்துத் திறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அவர்கள் செய்ததில் ஒன்று நல்லது. மனநல டாக்டர்களுக்கு 1993 முதல் தனிச் சான்று அங்கே இருந்தது. புதிய சான்று குடும்ப டாக்டர், பிரசவ டாக்டர், அறுவை டாக்டர் யாரும் ஒரு வருசம் கூடுதலாகப் படித்து எழுதக்கூடியது. எங்க பெரியப்பா கிடந்தது எலும்பு வார்டில். குடிநோயாளி எப்போதும் வேறு ஏதாவது வார்டில்தான் கிடக்கிறார். ஆகவே அப்படியொரு படிப்பு இங்கே மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கு வேண்டும். பதினொன்றரை வருசப் படிப்பை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. அந்த உச்சிப் படிப்புக்கு நம்ம பிள்ளைகள் போகிற வழியும் குறுகல். உயர் சிறப்பு மருத்துவப் படிப்பில் இடஒதுக்கீடு கூடாது என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீட் வழியாக நடக்கிற உயர் சிறப்புச் சேர்க்கையில் பட்டியல் சாதிக்கு இன்றும் ஒதுக்கீடு இல்லை. குடிகாரன் என்ற வசவு மட்டும் நமக்கு நூறு சதவீதம்.

யார் படிக்கிறார்கள் என்பது ஏன் முக்கியம்? குடிநோயைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் உலகம் பூரா கேட்கிற நாலு கேள்விகள் இருக்கின்றன. குறைக்கணும்னு நினைச்சதுண்டா? யாராவது குறை சொல்லி எரிச்சல் வந்ததுண்டா? குற்ற உணர்வு உண்டா? காலையில் எழுந்ததும் குடிப்பதுண்டா? வீட்டில் வைத்து இதைப் பெரியப்பாவிடம் கேட்டேன். முதல் மூன்றுக்கும் முணுமுணுத்தார். நாலாவதுக்குச் சிரித்துவிட்டார்.

"காலையிலதாண்டா குடிக்கணும். வேலையே காலையிலதான? பதினேழு வயசுல மொதமொதல்ல குழிக்குள்ள எறக்கும்போது மேஸ்திரிதான் வாங்கிக் குடுத்தான். குடிக்காம எவன் எறங்குவான்?"

மலக்குழியில் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்துவிட்டது. அவர் அதற்குப் பிறகும் இறங்கியிருக்கிறார். நாலாவது கேள்விக்கு 'ஆம்' என்று குறித்துக்கொள்கிற டாக்டருக்கு, அந்தக் காலைக் குடியை முதலில் வாங்கிக் கொடுத்தது யார் என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை.

ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு பெரியம்மாவின் தகரப் பெட்டியில் இருக்கிறது. எலும்பு எங்கே முறிந்தது, என்ன கம்பி வைத்தது, எத்தனை வாரம் ஊன்றக் கூடாது, எல்லாம் அதில் உண்டு. ஜன்னி வந்ததும் கை கட்டப்பட்டதும் இல்லை. நாலாவது வாரம் மறுபடி குடிக்கத் தொடங்கினார். இப்போது மாதம் ஒருமுறை மாவட்ட ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு நானும் பெரியம்மாவும் மாறி மாறிக் கூட்டிப்போகிறோம். முன்னைக்குக் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அடுத்த முறை போகும்போது, நாலாவது கேள்விக்கு அவர் சொன்ன பதிலைக் கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.