ஊருக்கே மழை லீவு... அம்மாவுக்கு?

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் நவம்பர் வந்துவிட்டால் ஒரு செய்தியை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறையா?' தங்கம் விலை, சினிமா, அரசியல் எல்லாம் அதற்குப் பின்னால்தான். லீவு அறிவிப்பு வந்த மறுநாள் காலையில் போடுவதற்கு இன்னொரு கட்டுரையும் தயாராக இருக்க வேண்டும்: 'குளிர்நாளில் வீட்டுக்குள்ளேயே பொழுதைப் போக்க 10 வழிகள்'.

இந்த வருடம் அது என் தலையில் விழுந்தது. வெளிநாட்டுத் தளங்களில் இந்த மாதிரிப் பட்டியல்கள் கொட்டிக் கிடக்கின்றன. கணப்பு அடுப்பின் முன்னால் புத்தகம், கம்பளி பின்னுவது, சூடான சாக்லேட், ஆயிரம் துண்டுப் புதிர்ப்படம். நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது காரைக்காலில். இங்கே ஜனவரி இரவில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதற்கே எங்கள் அப்பாயி காதை மூடி மஃப்ளர் கட்டிக்கொள்வார்.

எங்கள் ஊர்க் குளிர் என்பது மழைதான். காரைக்கால் புதுச்சேரி யூனியனைச் சேர்ந்தது என்றாலும், சுற்றிலும் தமிழ்நாட்டு மாவட்டங்கள்தான், கிழக்கே கடல். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை எங்களை வீட்டுக்குள் உட்கார வைக்கும். மார்கழியில் மழை கொஞ்சம் விட்டதும் பனி பிடித்துக்கொள்ளும்.

கூண்டு எண் என்ன?

மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒருவரை ஒருவர் கேட்கும் முதல் கேள்வி, "கூண்டு ஏத்திட்டாங்களா?" துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைத்தான் சொல்கிறோம். மொத்தம் 11 எண்கள். 1-ம் எண் என்றால் தூரக் கடலில் எங்கோ காற்றழுத்தம், பயமில்லை. 10 என்றால் பெரும் ஆபத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். எட்டாவது படிக்கும் என் தம்பி கணக்கு வாய்ப்பாட்டை மறந்தாலும் இதை மறக்க மாட்டான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தபோது நான் பிளஸ் டூ. எங்கள் தெருவுக்கு கரன்ட் திரும்ப மூன்று நாள் ஆனது. செல்போன் அணைந்துவிட்டது. பேட்டரியில் ஓடும் ரேடியோவில் காரைக்கால் பண்பலை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அந்த மூன்று நாளும் வீட்டில் என்ன செய்தோம் என்று யோசித்தால், ரேடியோ கேட்டதும் சீட்டுக்கட்டில் 'கழுதை' விளையாடியதும்தான் நினைவுக்கு வருகிறது.

எல்லோருக்கும் ஒரே லீவு இல்லை

பட்டியலுக்காக நாலு பேரிடம் கேட்டுப் பார்ப்போம் என்று கிளிஞ்சல்மேட்டில் இருக்கும் என் தோழிக்கு போன் செய்தேன். மீனவக் குடும்பம். "மழை நாள்ல உங்க வீட்ல எப்படிடி பொழுது போவுது?" என்றேன்.

"அப்பா வலை பின்னுறாரு. சாயங்காலம் ஆனா கூட்டாளிங்களோட சீட்டு. பொழுது போகலன்னு ஆடலடி. சும்மா உக்காந்திருந்தா வட்டிக் கணக்குதான் ஞாபகம் வரும்னு ஆடுறாங்க" என்றாள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தேதி சொல்லிவிட்டு வருவது. அதற்கேற்ப வீட்டில் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைக்கலாம். புயல் சின்னம் அப்படி வராது. இரண்டு நாளில் கலையலாம், பத்து நாளும் இழுக்கலாம். அத்தனை நாளும் படகு கரையில்தான்.

நெடுங்காட்டில் இருக்கும் சித்தப்பா போனையே எடுக்கவில்லை. மாலையில் அவரே கூப்பிட்டார். சம்பா வயலில் தண்ணீர் ஏறியதால் மடையை வெட்டிவிடப் போயிருந்தாராம். "பொழுதுபோக்கா? பயிர் மூழ்காம இருந்தா அதுவே போதும்மா" என்று சிரித்தார்.

கடைசியாக அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன்.

ஏழு டீ, மூன்று கொடி

மழை நாளில் அம்மாவின் வேலை எப்படியிருக்கும் என்று அன்று முழுக்க பக்கத்தில் இருந்தே பார்த்தேன். துணி காயாது. அதனால் கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் இரண்டு என மூன்று கொடி கட்டி, ஃபேனைச் சுழலவிட்டு, மணிக்கு ஒரு தரம் துணியைத் திருப்பிப் போட வேண்டும். குளிருக்கு இட்லி மாவு புளிக்காது. அதை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காவல் காக்க வேண்டும். உப்பு நீர்த்துவிடும். பின்கட்டில் ஒழுகும் இடத்துக்குப் பாத்திரம் வைத்து, நிறைந்ததும் கொட்ட வேண்டும். அப்பாயிக்கு வெந்நீர். எல்லோரும் வீட்டில் இருப்பதால் தம்பிக்கு பதினொரு மணிக்கே பஜ்ஜி ஆசை வந்துவிடும். அப்பாவுக்கு டீ. காலையிலிருந்து இரவுக்குள் ஏழு தடவை டீ போட்டார். எண்ணினேன்.

அந்த அம்மாவிடம்தான், "உங்க காலத்துல மழைன்னா என்னம்மா விளையாடுவீங்க?" என்று கேட்டேன்.

வெங்காயம் நறுக்கிய கை நின்றது. "தாயம்" என்றார். திருமலைராயன்பட்டினத்தில் அவர் பிறந்த வீட்டுத் திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, அவரும் என் சித்தியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்க மாட்டார்களாம். "உன் சித்தி தோத்தா அழுதுடுவா. அப்பவும் நான் வெட்டாம விட மாட்டேன்."

"கடைசியா எப்பம்மா ஆடின?"

கொஞ்சம் யோசித்தார். "கல்யாணத்துக்கு முந்தின மழைக்காலம்."

எட்டில் ஒரு வாய்ப்பு

தாயம் தெரியாத தம்பி தங்கைகளுக்காக: பித்தளைக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் ஒரு புள்ளி, அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு, மூன்று. ஒரு பக்கம் வெறுமை. உருட்டினால் விழும் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். இரண்டுமே வெறுமையாக விழுந்தால் 12. ஒன்று விழுந்தால் அதுதான் தாயம். தாயம் விழாமல் காய் கட்டத்துக்குள் இறங்காது. 1, 5, 6, 12 விழுந்தால் இன்னொரு முறை உருட்டலாம். எதிரியின் காயை வெட்டினால்தான் நம் காய் உள்கட்டத்துக்குப் போய்ப் பழமாகும். பெருக்கல் குறி போட்ட கட்டம் 'மலை'. அதில் இருக்கும் காயை யாரும் வெட்ட முடியாது.

கணக்குப் போட்டால், இரண்டு கட்டைகளும் விழும் விதங்கள் 16. அதில் தாயம் வருவது இரண்டே விதத்தில். அதாவது எட்டில் ஒரு வாய்ப்பு. பத்து முறை உருட்டியும் தாயம் விழவில்லை என்று புலம்புபவருக்கு அதிர்ஷ்டம் ஒன்றும் பெரிதாகக் கெட்டுவிடவில்லை.

கட்டை இல்லாத வீடுகளில் புளியங்கொட்டையே போதும். நான்கு கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் சிமென்ட் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளைப் பக்கம் எத்தனை மேலே விழுகிறதோ அத்தனை எண்ணிக்கை. இதில் தாயம் சுமாராக நான்கு உருட்டலுக்கு ஒரு முறை வந்துவிடும். பொறுமை இல்லாத குழந்தைகளுக்கு இதுதான் சரி.

2020 லாக்டௌனில் நாம் எல்லோரும் போனில் தேய்த்த லூடோவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். இந்தியாவின் பச்சீசி ஆட்டத்தை எளிமையாக்கி 1896-ல் இங்கிலாந்தில் லூடோ என்று காப்புரிமை வாங்கினார்கள். வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்க ஆடும் பரமபதமும் அதற்கு முன்பே கப்பலேறி, பாம்பும் ஏணியுமாக ஆகிவிட்டது. நம் வீட்டிலோ, தாயம் உருட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லிப் பரணில் போட்டுவிட்டோம்.

அப்பாயி போட்ட சட்டம்

அன்று மாலை ஆறு மணிக்கு கரன்ட் போனது. அம்மா தானாகவே சாக்பீஸ் கேட்டார். கூடத்துத் தரையில் அளவுகோல் இல்லாமல், ஒரு கோடுகூட வளையாமல், கட்டம் போட்டார். நான், தம்பி, அப்பா, அம்மா நான்கு பேரும் உட்கார்ந்தோம். அப்பாயி கட்டிலில் இருந்தபடி நடுவர்.

முதல் தாயம் அம்மாவுக்கு. காயை இறக்கியதுமே பால் பொங்கும் சத்தம் கேட்டு எழுந்து போனார். திரும்பி வந்து ஒரு முறை உருட்டினார். அப்பாயிக்கு மாத்திரை நேரம். எழுந்தார். வந்து உட்கார்ந்ததும், "ஒரு டீ கிடைக்குமா?" என்றார் அப்பா. எழுந்தார். அவர் முறை வந்தபோது தம்பி, "அம்மாவுக்கும் சேத்து நானே உருட்டிடுறேன்" என்று கட்டையை எடுத்தான்.

"வைடா கீழ" என்று கட்டிலிலிருந்து ஒரு அதட்டல். "அவ முறைக்கு அவதான் உருட்டணும். அதுவரைக்கும் எல்லாரும் உக்காந்திருங்க. டீ வேணும்னா, வேணுங்கறவன் போய் போட்டுக்க."

மாமியார் சொன்னது அம்மாவுக்கே கேட்டிருக்க வேண்டும். டம்ளரோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார். அப்பா ஒரு நிமிடம் எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு எழுந்து போய் டம்ளரை வாங்கிக்கொண்டார். டீத்தூள் டப்பா எங்கே இருக்கிறது என்று மட்டும் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். எழுந்திருக்கவில்லை.

கட்டத்தைப் படம் எடுத்து சித்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். எங்கள் ஊரில் பல வீடுகளுக்கு பிரான்ஸில் ஒரு கிளை உண்டு, எங்களுக்கு சித்தி. இரவு ஒன்பதரைக்கு வீடியோ கால் வந்தது. அங்கே மாலை ஐந்து மணி. அதற்குள் இருட்டிவிட்டது. காது வரை தொப்பி போட்டிருந்தார். "அக்கா, எனக்கு ஒரு காய் வை. நீயே உருட்டு. ஏமாத்தாத!" என்றார். அம்மா தங்கைக்காக உருட்டினார், தாயம் போட்டார், காயை இறக்கினார். மூன்றாவது சுற்றில் அந்தக் காயை அவரே வெட்டினார். போனுக்குள் சித்தி போட்ட சத்தத்தில் அப்பாயியின் மஃப்ளர் அவிழ்ந்துவிட்டது.

உங்கள் வீட்டில் ஆடிப் பார்க்க

கேரம், செஸ், சீட்டு, பல்லாங்குழி எது வேண்டுமானாலும் ஆடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது மூன்று விதிகள் இருக்கின்றன. ஆட்டம் தொடங்கும் முன் பாத்திரம் கழுவி முடித்திருக்க வேண்டும். கழுவுவது ஆளுக்கு ஒரு நாள். ஆட்டத்தின் நடுவே யாருக்கு என்ன வேண்டுமோ, அவரவரே எழுந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் எழுந்து போனால், அவர் திரும்பும்வரை கட்டை தரையில்தான் இருக்கும்.

மழை வந்து எட்டு நாள் ஆகிறது. அம்மா ஐந்து ஆட்டம் ஜெயித்திருக்கிறார். அப்பாவின் டீயில் சர்க்கரை இன்னும் கொஞ்சம் தூக்கல்தான். கிளிஞ்சல்மேட்டுத் தோழிதான் பாவம், கடல் அடங்கிய செய்திக்காகக் காத்திருக்கிறாள். அப்பாயி அடுத்து பல்லாங்குழிக் கட்டையைத் தேடச் சொல்லியிருக்கிறார். குழிக்கு ஐந்து வீதம் பதினாலு குழிக்கு எழுபது புளியங்கொட்டை வேண்டும். தம்பி எண்ணிக்கொண்டிருக்கிறான், நாற்பத்தி மூணு ஆகியிருக்கிறது.