உறுதி இல்லாத காடு

திகனவில் வாழ்பவர்களிடம் மகாவலியைப் பற்றிப் பேச்செடுத்தால், பேச்சு எப்படியும் மூழ்கிப்போன பழைய தெல்தெனிய நகரத்தில் வந்து நிற்கும். 1985இல் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா அணைக்காகக் காணியையும் கடையையும் கோயிலையும் விட்டெழும்பியவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஒரு பகுதியினர் இங்கேயே புதிய குடியிருப்புகளில் அமர்ந்தனர். மற்றவர்கள் மலையிறங்கி, மகியங்கனைக்கு அப்பால் மகாவலி 'சி' வலயத்திற்குப் போனார்கள்.

போனவர்களின் துயரம் ஓரளவேனும் எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் போய் இறங்கிய பக்கத்துக் காடு ஏற்கெனவே யாருடையதாக இருந்தது என்ற கேள்வியை மட்டும் நம்மில் அதிகம் பேர் கேட்கவில்லை.

அது வேடர்களின் காடு. ஆளில்லாத, எல்லையில்லாத காடு என்று அதை எண்ணிவிடக் கூடாது. 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் ஆய்வு நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு குழுவுக்கும் வேட்டை எல்லை இருந்தது, தேன்கூடு கட்டும் பாறைகள் குடும்பச் சொத்தாகக் கைமாறின. அங்கே சட்டம் இருந்தது. கச்சேரி ஏற்கும் உறுதிதான் இருக்கவில்லை. தெல்தெனியக்காரரிடம் உறுதி இருந்ததால் அவர் இழந்ததற்கு ஒரு விலையாவது பேச முடிந்தது. வேடரிடம் அது இல்லாததால், அவர் எதையும் இழந்ததாகவே கணக்கில் வரவில்லை.

1983 நவம்பர் 9ஆம் திகதி மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. நீரேந்து பகுதிகளைக் காக்கவும், துரித மகாவலித் திட்டத்தால் இடம்பெயரும் விலங்குகளுக்குப் புகலிடம் கொடுக்கவும் அது தேவை என்றார்கள். யானைக்குப் புகலிடம் கிடைத்தது நல்ல காரியமே. ஆனால், அன்றுவரை வேட்டையென்றும் தேனென்றும் கிழங்கென்றும் இருந்த சீவியம் ஒரே வர்த்தமானியில் குற்றமாகிவிட்டது.

பல குடும்பங்கள் ஹேனானிகலவுக்குப் பெயர்ந்து வயலும் வீடும் பெற்றன. தம்பானவின் தலைவர் ஊருவரிகே திசாஹாமி மறுத்துவிட்டார். சில குடும்பங்களோடு கொட்டபக்கினியவிலேயே தங்கி, 1998இல் இறக்கும்வரை அந்த முடிவில் நின்றார். வயலுக்குப் போனவர்களைக் குறைசொல்ல நான் யார்? பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் நோய்க்கு மருந்தும் வேண்டுமென்று எந்தத் தகப்பனும் நினைப்பான். எனக்கு உறுத்துவது வேறொன்று. போவதா இருப்பதா என்பதை மட்டுமே அவர்களிடம் விட்டார்கள். காட்டை எப்படி ஆள்வது என்ற கேள்வியில் அவர்களுக்கு இடமே தரவில்லை.

கனடாவின் கிழக்குக் கரையில் மிக்மாக் மக்களின் கதையை இதன் அருகே வைத்துப் பார்க்கலாம். 1760, 1761ஆம் ஆண்டுகளில் பிரித்தானிய முடியோடு செய்த உடன்படிக்கைகள் அவர்கள் கையில் இருந்தன. அவற்றை வைத்து, மீன்பிடித்து மிதமான சீவியம் நடத்தும் உரிமை அவர்களுக்கு உண்டென 1999இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விலாங்கு மீன் பிடித்து விற்றதற்காகக் குற்றஞ்சாட்டப்பட்ட டொனால்ட் மார்ஷல் என்பவரின் வழக்கு அது. ஆனாலும் 'மிதமான' என்றால் எவ்வளவு, அதை யார் அளப்பது என்ற பிணக்கு தீரவில்லை. 2020இல் சிபெக்னெகாதிக் சமூகத்தின் தலைமை தானே அனுமதிப்பத்திரம் வழங்கிச் சிங்கி இறால் பிடிக்கப் படகுகளை இறக்கியது. எதிர்ப்பு வன்முறையாக மாறியது. இறால் வைத்திருந்த களஞ்சியமொன்று எரிந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், மெம்பர்ட்டு முதலிய மிக்மாக் சமூகங்கள் கூட்டுச்சேர்ந்து கிளியர்வாட்டர் என்ற பெரும் மீன்பிடி நிறுவனத்தின் பாதிப் பங்கை வாங்கின. ஒருவர் சட்டத்தை உரசிப் பார்த்தார், மற்றவர் சந்தைக்குள் புகுந்தார். எது மேல் என்பதை அவர்களே விவாதித்துக்கொள்கிறார்கள்.

அதே 2020இல், திசாஹாமியின் மகனும் இன்றைய தலைவருமான வன்னிலஎத்தோ மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் படியேறினார். பொல்லேபெத்த – ரம்பக்கன் ஓயாப் பகுதியில், தம் மக்களின் பாரம்பரிய நிலம் சோளச் செய்கைக்காக அழிக்கப்படுவதை எதிர்த்த மனு அது. தேனெடுக்கப் போகும் வேடனுக்கு மூடிய காடு, கம்பனியின் இயந்திரத்துக்கு எப்படித் திறந்தது?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆதிக்குடிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனம் 2007இல் வாக்கெடுப்புக்கு வந்தபோது இலங்கை ஆதரித்தது, கனடா எதிர்த்தது. எதிர்த்த நாடு 2021இல் அதை நடைமுறைப்படுத்தச் சட்டம் இயற்றியது. ஆதரித்த நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை.

இதைச் சிங்களப் பகுதியின் பிரச்சினை என்று தமிழ் வாசகர் ஒதுக்கிவிட வேண்டாம். வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்கள் பேசுவது தமிழ்தான். கதிர்காமத்தில் வள்ளியை வேடர் குலத்து மகளாகக் கைகூப்பி வணங்கும் நாம், அவளுடைய உறவுகளின் காணி வழக்கில் வாய்திறந்ததில்லை.

தம்பானவுக்குச் செல்வோர் தோளில் கோடரி தொங்கும் பெரியவரோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். தேன் போத்தலும் வாங்கி வருகிறார்கள். நல்லது. அடுத்த முறை, அந்தத் தேன் எந்தக் காட்டில் எடுத்தது, அதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது என்றும் விசாரித்து வாருங்கள்.