போர் தண்ணியும் பாலிஷ் டப்பாவும்

தருமபுரியிலிருந்து தொப்பூர் போகும் வழியில், 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு வாட்டர் வாஷ் கடை. காலை எட்டு மணிக்கே இரண்டு லாரிகளும் ஒரு பள்ளி வேனும் வரிசையில் நின்றன. என் கறுப்புக் காருக்கு எந்த பாலிஷ் வாங்கலாம் என்று கேட்கத்தான் போயிருந்தேன்.

“பாலிஷ அப்புறம் பாக்கலாம் சார். வீட்ல எந்தத் தண்ணில கழுவுறீங்க?”

“போர் தண்ணிதான்.”

“அதான்” என்று கடைக்காரர் பானெட்டைக் காட்டினார். காசு காசாக வெள்ளை வட்டங்கள். கால்சியம், மெக்னீசியம் உப்புகள். தண்ணீர் ஆவியானதும் இவை மட்டும் பெயின்ட்டில் தங்கிவிடுகின்றன. போர் தண்ணீரிலுள்ள ஃப்ளோரைடால் பல் கறைபட்ட மாவட்டம் இது. குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும் என்றுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் அது தொடங்கியது. அந்தத் தண்ணீரில் கார் கழுவ மனம் வருமா? இவரும் போர் தண்ணீரில்தான் கழுவுகிறார். ஆனால் நிழலில், ஒரு பக்கம் முடிந்ததும் காயவிடாமல் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிடுகிறார்.

கடையில் இரண்டு டிரம்கள். சோப்புப் பவுடர் கரைத்தது லாரியின் அடிப்பாகத்துக்கு. ஷாம்பூ கலந்தது காருக்கு. பவுடர் பட்டால் அழுக்கோடு மெழுகுப் பூச்சும் போய்விடும். நான் வீட்டில் பாத்திரம் விளக்கும் சோப்பைப் போட்டதைச் சொல்லவில்லை.

செல்போன் டார்ச்சைக் கதவில் அடித்தார். சிலந்தி வலைபோல நுண்கீறல்கள். பழைய பனியன் துணியால் தூசியைத் தட்டிய என் கைவண்ணம். கிரானைட் லாரிகள் ஓடும் ஊரில் தூசி என்பது பாதி கல். அதிலுள்ள குவார்ட்ஸ் கத்தியின் இரும்பையே கீறக்கூடியது. மேலே இருக்கும் கிளியர் கோட்டோ தலைமுடியைவிட மெல்லியது.

“காம்பவுண்ட் போட்டா பளபளங்கும் சார். ஆனா பெயின்ட்டத் தின்னுட்டுத்தான் பளபளங்கும்.” அதனால் கீறல் இருக்கும் இடத்துக்கு மட்டும் காம்பவுண்ட், பிறகு வாக்ஸ். டப்பாவில் கார்னுபா என்றிருந்தது. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையில் படியும் மெழுகு. நம் வெயிலில் சில வாரம் தாங்கினால் பெரிது. செராமிக் பூச்சு நெடுநாள் உழைக்கும், விலையும் அதிகம். கீறலை எடுக்காமல் அதைப் பூசினால் கீறலுக்குக் கண்ணாடி போட்டு வைத்த மாதிரி.

உப்பு வட்டங்களுக்கு வினிகரைத் தண்ணீரில் கலந்து, அதில் துணியை நனைத்து ஒற்றி, உடனே அலசினார். புளிக்குப் பேர்போன ஊராயிற்றே, பித்தளைக் குடத்துக்குப் போல புளி தேய்த்தால் என்ன என்றேன். “நாரும் கொட்டைத் துணுக்கும் கீறிடும் சார்” என்று சிரித்தார். பெரும்பாலான வட்டங்கள் மறைந்தன. இரண்டு மட்டும் போகவில்லை. பெயின்ட்டையே அரித்து இறங்கியிருந்தன.

வாக்ஸ் போடும் முன் விரல்களில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டி பானெட்டைத் தடவினார். கவர் போட்டால் சின்னச் சொரசொரப்பும் பெரிதாகத் தெரியுமாம். கவரைக் கழற்றியபோதுதான் பார்த்தேன், விரலிடுக்குகளில் தோல் வெடித்துப் பிளந்திருந்தது. பவுடர் டிரம்மின் வேலை. லாரி கழுவும்போதாவது ரப்பர் கிளவுஸ் போடக் கூடாதா என்றேன்.

“கிளவுஸ் போட்டா துணியில மண்ணு ஏறுனது கைக்குத் தெரியாதுங்க சார்” என்று சொல்லிவிட்டு வேன் பக்கம் போனார்.