பாட்டில்லாத வீடு

1988ல் வந்த பாலுமகேந்திராவின் 'வீடு' படத்தில் பாட்டே கிடையாது. சண்டை இல்லை, வில்லனும் இல்லை. (சிமெண்டில் கைவைக்கிற காண்டிராக்டரை வில்லன் என்றால் ஊரில் பாதிப்பேர் வில்லன்தான்!) வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதால் சொந்தமாக ஒன்று கட்டக் கிளம்பும் பெண். அவ்வளவுதான் கதை.

பாதி எழும்பிய அந்த வீட்டைப் பார்க்கத் தாத்தா வருவார். சொக்கலிங்க பாகவதர் பேசவே மாட்டார். சுவரைத் தடவித் தடவி நடப்பார். பின்னால் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசை. வீட்டுக்கடனுக்கு அலைந்த எவரும் அந்த இடத்தில் தொண்டை அடைக்காமல் இருக்க முடியாது.

சிறந்த தமிழ்ப் படம், சிறந்த நடிகை அர்ச்சனா என்று தேசிய விருதுகள் வந்தன. சரி, நெகடிவ்? அது கெட்டுப்போய்விட்டது என்று அவரே மேடைகளில் வருந்திச் சொன்னார். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றும் ஊரில், நாலு டப்பா ஃபிலிமைப் பத்திரமாக வைக்க ஒரு குளிர்ந்த அறை கிடைக்கவில்லை! புனேயில் 1964லேயே தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் வந்துவிட்டது. தமிழ்நாட்டிலும் அப்படியொன்று வேண்டுமென்று கேட்டுக்கொண்டே இருந்தவர், 2014 பிப்ரவரியில் காலமானார்.