மூன்று முறை தட்டிய கதவு

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு, நீங்களும் கேட்டிருப்பீர்கள். ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்பார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981-ல் சுவாமி மறுபடியும் எழுந்தருளிவிட்டார். ஆகவே கேலியில் ஒரு பங்கு குறைந்துவிட்டது!

காட்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்கும் கூட்டத்தைப் பாருங்கள். வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் நாட்கணக்கில் ரயிலில் வந்தவர்கள். கோட்டையைப் பார்க்கவா வருகிறார்கள்? அவர்கள் பின்னாலேயே போங்கள். வேலூர் ஐடா ஸ்கடர் சாலையில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விடுவார்கள்.

அந்தச் சாலைக்குப் பெயர் தந்த அம்மாள், 1870-ல் பக்கத்து ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண். பாட்டனாரும் தகப்பனாரும் மிஷனரி வைத்தியர்கள். ஐடாவுக்கோ அந்த வழியில் துளியும் ஆசையில்லை. நோயுற்ற தாயாரைக் கவனிக்கத்தான் திண்டிவனம் வந்தார். பிறகு அமெரிக்கா திரும்பிவிடுவதாக ஏற்பாடு.

ஒருநாள் இரவு யாரோ கதவைத் தட்டினார்கள். வந்தவர் ஒரு பிராமணர். மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள். வந்து காப்பாற்ற வேண்டும் என்றார். "நான் வைத்தியம் படிக்கவில்லையே, அப்பாவை அழைத்துப் போங்கள்" என்றார் ஐடா. அந்நிய ஆண் வைத்தியம் பார்ப்பதா என்று அவர் மறுத்துப் போய்விட்டார். அடுத்து ஒரு முஸ்லிம் வந்தார். பிறகு இன்னொரு இந்து. அதே வேண்டுகோள், அதே மறுப்பு. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

ஐடாவிடம் இரக்கம் இருந்தது. ஆனால் கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லை. வெறும் இரக்கம் ஓர் உயிரையும் காப்பாற்றாது என்பதை அந்த இரவு கற்றுக் கொடுத்தது. அமெரிக்கா சென்று, 1899-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

இறந்த மனைவியின் நினைவாக நியூயார்க் பாங்க்காரர் ஒருவர் 10,000 டாலர் கொடுத்தார். யாரோ ஒருவர் பறிகொடுத்த மனைவியின் பெயரால், இங்கே எத்தனையோ பேரின் மனைவிமார் பிழைத்தார்கள்! 1900-ல் ஒரே படுக்கையுடன் ஆரம்பித்த வைத்தியம், 1902-ல் 40 படுக்கை ஆஸ்பத்திரியாயிற்று.

தாம் ஒருவர் மட்டும் எத்தனை கதவுகளுக்குப் பதில் சொல்ல முடியும்? 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி தொடங்கினார். இந்தப் பெண்கள் தேறுவார்களா என்று பலருக்குச் சந்தேகம். பரீட்சை எழுதிய 14 பெண்களும் தேறினார்கள்!

கிறிஸ்து தம்மைப் பணிவிடை செய்ய வந்தவராகவே சொல்லிக்கொண்டார். அதையே இந்தக் கல்லூரி தன் லட்சியமாக வைத்திருக்கிறது. இன்று 2,000-க்கு மேல் படுக்கைகள். வசதி உள்ளவர்கள் கட்டும் பணத்தில் ஒரு பங்கு, இல்லாதவர்களின் சிகிச்சைக்குப் போகிறது. படித்து வெளியேறும் டாக்டர்கள் பலர் சிற்றூர் மிஷன் ஆஸ்பத்திரிகளுக்குச் செல்கிறார்கள்.

ஐடா அம்மையார் 1960-ல் கொடைக்கானலில், 89-வது வயதில் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் அவரைத் தாயாக நினைத்தவர்கள் எத்தனை பேர்!

பிறந்ததன் பயன் என்ன என்று நம்மில் பலர் எங்கெங்கோ தேடி அலைகிறோம். அந்த அம்மாளுக்கு அது வாசலிலேயே வந்து நின்றது, வேண்டாத நேரத்தில், அந்நியர் உருவத்தில். அடுத்த முறை வேலூர் போனால், கோட்டையைப் பார்த்த கையோடு அந்தச் சாலையிலும் சற்று நின்றுவிட்டு வாருங்கள். வீடு திரும்பிய பின் யாராவது கதவைத் தட்டினால், எழுந்து போய்த் திறக்கத் தோன்றும்.